நுண்செதுக்கு பிட்டுகளை வரிசைப்படுத்துவது எப்படி: தண்டு அளவா, வடிவமா, வேலைக் கட்டமா?

மரத்தூள் எழுதியது:

வணக்கம். சுழல் கருவியில் பொருத்தி மரம் செதுக்கும் சிறு பிட்டுகள் என்னிடம் இருநூறுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. முள்முள்ளான பற்கள் கொண்ட டங்ஸ்டன் கார்பைடு பிட்டுகள், வெட்டுவரி உள்ள கார்பைடு பிட்டுகள், வைரத்தூள் பூசியவை, ரூபி பிட்டுகள், சாணைக்கல் பிட்டுகள், உப்புத்தாள் உருளைகள் என்று வகைகளும் பலவாகிவிட்டன. இவற்றின் தண்டுகள் 3/32 அங்குலம், 1/8 அங்குலம், 1/4 அங்குலம் என்று மூன்று அளவுகளில் இருக்கின்றன. இடையே 3 மி.மீ. தண்டுகள் சிலவும் கலந்திருக்கின்றன. இப்போது எல்லாவற்றையும் அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டிய பிட்டைத் தேடும் நேரம், சில நாட்களில் செதுக்கும் நேரத்தை எட்டிவிடுகிறது.

துளையிட்ட மரக்கட்டை, காந்தப் பட்டை, நுரைத்தாள் ஆகிய மூன்றில் எது நீண்ட காலத்துக்கு ஏற்றது என்பது என் முதல் கேள்வி. எந்த அடிப்படையில் வரிசைப்படுத்தினால் கை தானாகச் சரியான பிட்டை நோக்கிப் போகும் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமானது. கட்டை செய்வது ஒரு மாலை வேலை. வரிசை தவறாக அமைந்துவிட்டால் அதோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும்.

கடைசல்காரர் எழுதியது:

அறைப் பெட்டியை விட்டு வெளியேறுவதுதான் முதல் வேலை. தேடும் சிரமத்தை ஒதுக்கிவைத்தாலும், பிட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதால் உண்டாகும் சேதமே அதற்குப் போதிய காரணம். டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமான பொருள். ஆனால் கடினமானது எளிதில் நொறுங்கவும் செய்யும். அதன் அடர்த்தி எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், சிறு தலை கூட இழுப்பறையைத் திறந்து மூடும்போது நல்ல பலத்தோடு மோதுகிறது. வெட்டுவரியின் ஓரத்தில் கண்ணுக்கு எட்டாத சிதைவு ஏற்பட்டால், அது மரத்தில் நீளக் கீறலாக வெளிப்படும். வைரப் பிட்டுகளின் நிலை இன்னும் மோசமானது. மலிவானவற்றில் பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்கு வைரத்துகள்தான் நிக்கல் பூச்சில் பதிந்திருக்கும். அந்த அடுக்கு உதிர்ந்தால் அடியில் வெறும் எஃகுதான் மிஞ்சும். போதாததற்கு, பக்கத்தில் கிடக்கும் எந்தப் பிட்டையும் வைரம் கீறிவிடும்.

எனவே தலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதே அடிப்படை விதி. அதைக் குறைந்த செலவில் நிறைவேற்றுவது துளையிட்ட கட்டைதான். துளையைத் தண்டைவிடச் சற்றுப் பெரிதாக இட வேண்டும். 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ.; அதற்கு 3.5 மி.மீ. துளை போதும். 3/32 அங்குலத் தண்டுக்கு (2.38 மி.மீ.) 2.6 அல்லது 2.7 மி.மீ. சரியாக இருக்கும். மிகச் சரியான அளவில் துளையிட்டால் ஈரப்பதம் மாறும் பருவத்தில் பிட் சிக்கிக்கொள்ளும். மரம் ரேகையின் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்குவாட்டில்தான் சுருங்கி விரிகிறது. அதனால் பலகையின் முகப்பில் இட்ட வட்டத் துளை காலப்போக்கில் நீள்வட்டமாகிவிடும்.

துளையின் ஆழத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். துளையின் ஆழம் 20 மி.மீ., தண்டைச் சுற்றிய இடைவெளி மொத்தம் 0.3 மி.மீ. என்று கொள்வோம். கட்டைக்கு மேல் 25 மி.மீ. உயரத்தில் நிற்கும் தலை, துளைக்குள் பிட் சாய்வதால் அரை மி.மீ. கூட நகராது. ஆழத்தை 8 மி.மீ. ஆகக் குறைத்து, இடைவெளியை 0.8 மி.மீ. ஆக விட்டால் அதே தலை 2.5 மி.மீ. அளவுக்குச் சாயும். அருகருகே உள்ள இரண்டு தலைகள் எதிரெதிராகச் சாய்ந்தால் 5 மி.மீ. இடைவெளி காணாமல் போய்விடும். எனவே தண்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் கட்டைக்குள் இருக்கட்டும். துளைகளின் மையங்களுக்கு இடையே பெரிய தலையின் விட்டத்தோடு விரல் நுழையும் இடத்தையும் சேர்த்து விடுங்கள். 3 மி.மீ. தலைகளுக்கு 12 மி.மீ. போதும், 12 மி.மீ. தலைகளுக்கு 25 மி.மீ. தேவைப்படும்.

துளையிடக் கட்டம் போட்ட தாளைக் கட்டையின் மேல் ஒட்டி, குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் குத்தூசியால் குழி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மெல்லிய டிரில் பிட் மரத்தின் ரேகையைப் பின்பற்றி வழுக்கிப் போகும்; குழி இருந்தால் போகாது. துளை வாயை லேசாகச் சரிவாக்கிவிட்டால், பார்க்காமலே தண்டைத் திரும்ப நுழைக்கலாம்.

நகைப்பட்டறை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் காந்தப் பட்டையை இவ்வளவு விரைவில் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சுவரில் பதித்த பட்டையில் பிட்டுகளைத் தண்டு ஒட்டும்படி வைத்தால், மேசையில் ஓர் அங்குல இடம்கூடப் போகாது. எந்தப் பிட்டின் தலை அளவு எவ்வளவு என்பதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். பிட்டின் நீளம் மாறினாலும் துளை ஆழத்தைப் பற்றிக் கவலை இல்லை. புதிய பிட் வந்தால் மற்றவற்றை நகர்த்தி இடம் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. துளைக்கட்டையில் இந்த நெகிழ்வு கிடையாது. நடுவரிசையில் ஒரு பிட்டைச் சேர்க்க நினைத்தால் முழு வரிசையையும் மாற்றிக் குத்த வேண்டியிருக்கும்.

கடைசல்காரர் எழுதியது:

நெகிழ்வைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் நான்கில் ஒரு பங்கு துளைகளைக் காலியாக விட்டுக் கட்டையைச் செய்வது அதற்கு ஒரு தீர்வு. ஆனால் காந்தத்துக்கு வேறு மூன்று குறைகள் உண்டு. தண்டுகள் எல்லாம் ஒரே எஃகால் ஆனவை அல்ல. சில வகைத் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டும் தண்டுகளோ மெல்லக் காந்தமேறி, பட்டறையில் உள்ள இரும்புத் துகள்களைத் தங்களோடு எடுத்துக்கொண்டு, கருவியில் தண்டைப் பற்றிப் பிடிக்கும் கோலெட்டுக்குள் போகும். உளி தீட்டும் இடமும் செதுக்கும் இடமும் ஒன்றாக இருப்பவர்களுக்கு இது நிச்சயத் தொல்லை. கடைசியாக, பிட்டைப் பட்டையிலிருந்து பிடுங்கும்போது அது சட்டென்று விடுபட்டுப் பக்கத்துத் தலையில் இடிக்கிறது. பட்டையில் நெருக்கமாக அடுக்காதவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும்; நெருக்கமாக அடுக்காதவர்களுக்கு அதனால் இடச் சிக்கனமும் பெரிதாக இல்லை.

பல்கூடத்தான் எழுதியது:

நான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை செய்பவன். ஓய்வில் மரம் செதுக்குகிறேன். உங்களுடைய 3/32 அங்குலப் பிட்டுகளில் ஒரு பகுதி எங்கள் துறைக்காகச் செய்யப்பட்டவையாக இருக்க வாய்ப்புண்டு. நேர்கைப்பிடிக்கான பல் பிட்டின் தண்டு 2.35 மி.மீ.; 3/32 அங்குலத்துக்கும் அதற்கும் 0.03 மி.மீ. தான் வேறுபாடு என்பதால் அதே கோலெட் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். காற்றுச் சுழலியில் பயன்படும் மெல்லிய பிட்டுகளின் தண்டு 1.6 மி.மீ.; அவை மொத்தமே சுமார் 2 செ.மீ. நீளம்தான் இருக்கும். அவற்றுக்குத் தனிக் கட்டை வேண்டும். ஆழமான துளையில் போட்டால் தலைவரை உள்ளே போய்விடும், வெளியே எடுக்கச் சாமணம் தேட வேண்டியிருக்கும்.

வரிசைப்படுத்துவதற்கு எங்கள் துறையில் ஓர் உதவி ஏற்கெனவே இருக்கிறது. வைரப் பிட்டின் தண்டில் உள்ள வண்ண வளையம் அதன் சொரசொரப்பைக் குறிக்கும். கறுப்பு மிகச் சொரசொரப்பு, பச்சை சொரசொரப்பு, நீலம் அல்லது வளையமே இல்லாதது நடுத்தரம், சிவப்பு நுண்மை, மஞ்சள் மிக நுண்மை, வெள்ளை அதனினும் நுண்மை. மரவேலைக்கென்று விற்கப்படும் பிட்டுகளில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென்று ஒரு வண்ண முறை வைத்திருப்பதால், இந்த வளைய முறையை அவற்றின் மீது பொருத்திப் பார்க்காதீர்கள்.

பொட்டலத்தில் பல் பிட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6360 முறைப்படி 15 இலக்க எண் அச்சிட்டிருந்தால் அந்த அட்டையை எறிந்துவிட வேண்டாம். முதல் மூன்று இலக்கங்கள் தலையின் பொருளைக் குறிக்கும். 806 என்றால் பூச்சு முறையில் பதித்த வைரம், 500 என்றால் டங்ஸ்டன் கார்பைடு. அடுத்த மூன்று தண்டைக் குறிக்கும். 104 என்பது மேலே சொன்ன 2.35 மி.மீ. நேர்கைப்பிடித் தண்டு, 314 என்பது 1.6 மி.மீ. தண்டு. கடைசி மூன்று, தலையின் மிகப் பெரிய விட்டத்தை மி.மீ. இன் பத்தில் ஒரு பங்குகளில் சொல்லும். அதாவது 014 என்று முடிந்தால் தலை 1.4 மி.மீ. அகலம். கட்டையில் பெயர் எழுத இடம் இல்லாதபோது, கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எழுதினாலே போதும்.

நுண்செதுக்கர் எழுதியது:

கேள்வியின் முக்கியப் பகுதிக்கு, அதாவது வரிசைக்கு, இன்னும் யாரும் வரவில்லை. எனவே என் கருத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிட்டுகளை வகைப்படுத்த உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றுவது விற்பனைப் பட்டியலின் வரிசைதான். உருண்டைகள் எல்லாம் ஒரு பக்கம், உருளைகள் ஒரு பக்கம், சுடர் வடிவங்கள் ஒரு பக்கம், ஒவ்வொன்றும் சிறியதிலிருந்து பெரியதுவரை. பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் செதுக்கும்போது நாம் இன்னொரு விதமாகத் தேடுகிறோம். பறவையின் இறகை உருவாக்கிக்கொண்டிருக்கும்போது, கையில் உள்ள பிட்டால் முடியாத ஒன்றுக்கு அடுத்த பிட் எது என்றுதான் தேடுகிறோம். மேடான பகுதியை முள்பற்கள் கொண்ட கார்பைடு பிட்டால் கழித்த பின் கை போவது அதைவிடப் பெரிய முள்பல் பிட்டுக்கு அல்ல. வெட்டுவரி உள்ள கார்பைடுக்கோ ரூபிக்கோதான். அதற்குப் பின் நுண்வைரம், அதற்குப் பின் வெள்ளைச் சாணைக்கல், கடைசியில் உப்புத்தாளோ தூரிகை வட்டோ. எனவே கட்டையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வேலையின் கட்டங்கள் அமைய வேண்டும்: கழித்தல், உருவம் கொடுத்தல், நுணுக்கம், மென்மையாக்கல். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முன்னிருந்து பின்னாகத் தலையின் அளவு ஏறட்டும். குட்டையானவை முன்னாலும் நெட்டையானவை பின்னாலும் வருவதால் எதுவும் எதையும் மறைக்காது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருநூறு பிட்டுகளையும் ஒரே கட்டையில் வைக்க முயலாதீர்கள். எவ்வளவு நல்ல வரிசையாக இருந்தாலும் இருநூறு தலைகள் எதிரே நின்றால் கண் தயங்கும். மேசைமேல் முப்பது நாற்பது துளைகள் கொண்ட வேலைக்கட்டை ஒன்று இருக்கட்டும்; மற்றவை இழுப்பறையில் சேமிப்புக் கட்டைகளில் இருக்கட்டும். ஒரு வேலை தொடங்கும்போது அதற்கு வேண்டியவற்றைச் சேமிப்பிலிருந்து வேலைக்கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒருமுறைகூடத் தொடாத பிட்டுகளைத் திருப்பி அனுப்புங்கள். சில வேலைகள் முடியும்போது, எப்போதும் திருப்பி அனுப்பப்படாத ஒரு சிறு கூட்டம் தானாக உருவாகியிருக்கும். அதுதான் உங்களுடைய உண்மையான பிட்தொகுப்பு. மற்றவற்றில் பாதி, விற்பனைப் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவையாகத்தான் இருக்கும். நம்மில் யார் அதற்கு விலக்கு?

கடைசல்காரர் எழுதியது:

இரண்டு கட்டைகள் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கட்ட வரிசை, சொல்லும்போது இருக்கும் அளவுக்குத் தெளிவாக நடைமுறையில் இல்லை. 3 மி.மீ. சுடர் வடிவ கார்பைடு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது? சிறு வேலையில் அதை உருவம் கொடுக்கப் பயன்படுத்துகிறோம். பெரிய வேலையில் அதுவே நுணுக்கத்துக்கு உதவுகிறது. கட்டத்தின்படி வைத்தால் அதன் இடம் வேலைக்கு வேலை மாறும். இடம் மாறும் பொருளைக் கை நினைவில் வைத்துக்கொள்ளாது. வடிவமோ பிட் தேயும்வரை மாறாது. கார்பைடு பிட்டுகளுக்கு உருண்டை எஸ்.டி., நீளுருண்டை எஸ்.இ., சுடர் எஸ்.எச்., கவிழ்ந்த கூம்பு எஸ்.என். என்று பொதுவான எழுத்துக் குறியீடும் இருக்கிறது. அந்த வரிசையில் சேமிப்புக் கட்டையை அமைத்தால், புதிதாக எது வந்தாலும் அதன் இடம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இரட்டைப் பிட்டை மறந்துபோய் மறுபடி வாங்குவதும் நிற்கும்.

நுண்செதுக்கர் எழுதியது:

சேமிப்புக் கட்டைக்கு வடிவ வரிசையை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நாம் சரக்கைப் பார்க்கும் கண்ணோடுதான் போகிறோம். வேலைக்கட்டைக்கு மட்டும் கட்ட வரிசையை விடமாட்டேன். சுடர் பிட்டின் இடம் வேலைக்கு வேலை மாறுவதை நீங்கள் குறையாகச் சொன்னீர்கள். ஒரே வேலைக்குள் அது மாறுவதில்லை என்பதே எனக்குப் போதும். வேலைக்கட்டையை நிரப்பும் நேரத்திலேயே அந்த வேலையை எந்த வரிசையில் செய்யப் போகிறேன் என்று ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். அந்தப் பயனை வடிவ வரிசை தராது.

இரட்டைப்பிடி எழுதியது:

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்த வரிசை நல்லது என்பது, உங்கள் கருவியில் எந்த மாற்றத்துக்கு அதிக நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. கோலெட் வைத்த கருவியில் 1/8 அங்குலத்திலிருந்து 3/32 அங்குலத்துக்கு மாற, நட்டைக் கழற்றி, கோலெட்டை மாற்றி, மறுபடி இறுக்க வேண்டும். அந்த இடத்தில் வேலையின் ஓட்டம் அறுபடும். அப்படிப்பட்டவர் தண்டு அளவின்படி முதலில் பிரித்து, அதற்குள் கட்டத்தையோ வடிவத்தையோ பின்பற்றினால், ஒரு கோலெட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் முடிக்கத் தானாகவே பழகுவார். வளைதண்டுக் கருவியில் சாவியால் திருகும் மூன்று தாடைச் சக் கைப்பிடி இருந்தால், 4 மி.மீ. வரையிலான எந்தத் தண்டையும் அது பிடித்துக்கொள்ளும். அவருக்குத் தண்டுப் பிரிவினை தேவையற்ற சுமை. நான் இரண்டு கைப்பிடிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு கோலெட்டை நிரந்தரமாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். ஆகவே எனக்கு இரண்டு வேலைக்கட்டைகள், ஒவ்வொரு கைப்பிடியின் பக்கத்திலும் ஒன்று.

அந்த 3 மி.மீ. தண்டுகளைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். அவற்றை 1/8 அங்குலத் தண்டுகளோடு கலந்து வைக்கவே கூடாது. வேறுபாடு 0.175 மி.மீ. தான்; கண்ணால் பார்த்தால் தெரியாது. 1/8 அங்குலக் கோலெட் அந்தத் தண்டை முழுப் பரப்பிலும் பற்றாது, வேகம் ஏறும்போது பிட் நழுவி வெளியே வரலாம். அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய பித்தளைத் தகட்டிலோ அக்ரிலிக் தகட்டிலோ 3.1 மி.மீ. துளை ஒன்றை இடுங்கள். 3 மி.மீ. தண்டு அதில் நுழையும். 1/8 அங்குலம் நுழையாது. தகட்டைக் கட்டையின் ஓரத்திலேயே ஆணியடித்து வைத்துக்கொண்டால், புதிய பிட் எதுவும் சோதனையில்லாமல் உள்ளே வராது. மரத்தில் இட்ட துளையை இதற்கு நம்ப வேண்டாம்.

சன்னத்தூசு எழுதியது:

துளைக்கட்டை செய்தவர்கள் எல்லாரும் ஓர் ஆண்டு கழித்துச் சொல்லும் புகார் ஒன்றே: துளைகளில் தூசு நிரம்பிவிடுகிறது. பிட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் காலித் துளைக்குள் நுண்தூசு இறங்குகிறது. திரும்ப வைக்கும்போது தண்டு அதைக் கெட்டிப்படுத்துகிறது. சில மாதங்களில் பிட் பாதி ஆழத்துக்கு மேல் இறங்காது. அப்போது கடைசல்காரர் கணக்கிட்டுக் காட்டிய சாய்வு தொடங்கிவிடும்.

இதற்குத் தீர்வு துளையை அடிவரை ஊடுருவ இட்டுவிடுவதுதான். கட்டைக்கு அடியில் சில மி.மீ. இடைவெளி விட்டுத் தனியாக ஓர் அடித்தகட்டைத் திருகால் பொருத்துங்கள். தண்டு தகட்டில் நிற்கும், தூசு இடைவெளியில் விழும். அவ்வப்போது தகட்டைக் கழற்றித் துடைத்தால் போதும். தகட்டைப் படிப்படியாக அமைத்தால், நீளம் வேறுபட்ட தண்டுகளையும் ஒரே தலை மட்டத்தில் நிற்க வைக்கலாம். கட்டையைச் சுமார் 30 பாகை முன்னோக்கிச் சாய்த்து வைப்பதும் நல்லது. தலைகள் பார்வைக்கு நேராக வரும், மேற்பரப்பில் விழும் தூசில் ஒரு பகுதி வழிந்துவிடும்.

காற்றுக் கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செதுக்கும் பிட் உண்டாக்குவது மிக நுண்ணிய தூசு; அதை ஊதினால் மூக்குக்கும் நுரையீரலுக்கும்தான் போகும். வேக்கம் கிளீனரால் உறிஞ்சுங்கள். குழாய் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டிக்கொள்ளாமல் உறிஞ்சினால், மிகச் சிறிய வைரப் பிட்டுகள் தூசோடு போய்விடும். தூசுப் பையைக் கிளறித் தேடுவது யாருக்கும் பிடித்த வேலை அல்ல.

மூடி அவசியமா என்று கேட்டால், வேலைக்கட்டைக்கு அவசியம் இல்லை. சேமிப்புக் கட்டைக்கு அவசியம். முள்பற்கள் கொண்ட பிட்டுகளை மட்டும் எங்கே வைத்தாலும் கட்டையின் பின்வரிசையில் வையுங்கள். முன்வரிசையில் இருந்தால், பின்னால் உள்ளதை எடுக்கப் போகும் கையின் புறத்தை அவை கிழித்துவிடும்.

துருப்பகை எழுதியது:

மூடி என்றதும் துருவைப் பற்றிப் பேசியாக வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈரம் நுழைந்தால் வெளியேற வழியில்லை. எனவே மூடி போடுகிறவர் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையாவது வைக்க வேண்டும். நிறம் மாறும் வகை வசதியானது; நீல மணிகள் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும், சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அந்த நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் என்பதால், சமையலறை அடுப்பில் அதை உலர்த்தாதீர்கள்.

கட்டைக்கு எந்த மரம் என்பதிலும் கவனம் வேண்டும். ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை மெல்ல மெல்ல வெளிவிடும். அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரம் பட்ட இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையை உண்டாக்கும். அருங்காட்சியகங்கள் உலோகப் பொருள்களை ஓக் பேழைகளில் வைப்பதைத் தவிர்ப்பதற்கு இந்த ஆவிதான் காரணம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் அமில ஆவிகளை விடக்கூடியதே. திறந்த கட்டையில் இது பொருட்டல்ல. மூடிய பெட்டியில்தான் ஆவி தேங்கும். வாசனையில்லாத, நெருங்கிய ரேகையுள்ள வேறு மரம் எதுவாக இருந்தாலும் நன்றாக உலர்ந்திருந்தால் போதும். பசுமை மாறாத மரத்தில் துளையிட்டால் தண்டுகளில் ஒரே மழைக்காலத்தில் துரு வரிகள் விழுந்துவிடும்.

நுரைத்தாளைப் பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். பாலியூரித்தேன் நுரை சில ஆண்டுகளில் ஒட்டும் துகள்களாக உதிர்ந்துவிடும்; அது படிந்த வைரப் பிட்டைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. மூடிய குமிழ் கொண்ட பாலியெத்திலீன் நுரை அப்படி உதிராது, வெளியூர் கொண்டுபோகும் பெட்டிக்கு அது நல்ல தேர்வு. மேசைமேல் தினமும் எடுத்து வைக்கும் இடத்துக்கு எந்த நுரையும் வேண்டாம். குத்திய துளை நாளடைவில் தளர்ந்துவிடும்.

எண்ணெய் பூசி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. எண்ணெயில் தூசு ஒட்டும், தண்டு கோலெட்டில் வழுக்கும், செதுக்கிய பரப்பில் எண்ணெய் பட்டால் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. மூடிய பெட்டியில் துருத்தடுப்பு ஆவித்தாள் ஒரு துண்டு போட்டு வைப்பது இதைவிடத் தூய்மையான வழி.

இரட்டைப்பிடி எழுதியது:

பெயர் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிட்டின் தண்டில் வண்ணம் பூசுவதும் காகித நாடா ஒட்டுவதும் பரவலாக இருக்கிறது. இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். கோலெட்டுக்குள் போகும் பகுதியில் ஒரு பக்கம் மட்டும் நாடா இருந்தால் பிட் மையத்திலிருந்து விலகிச் சுழலும். நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளில் அந்த விலகல் முதலில் கையில் அதிர்வாகத் தெரியும். பின்பு தண்டு வளையும். அடையாளத்தைக் கட்டையில் துளைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

எழுத வேண்டியவற்றுள் நான் முதலாவதாக வைப்பது வேக வரம்பு. 3 மி.மீ. தலை 20,000 சுற்றுகளில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, 12 மி.மீ. தலையின் விளிம்போ அதே சுற்றுகளில் 12.5 மீட்டரைத் தாண்டுகிறது. பெரிய தலைகளுக்கும் ரப்பர், உப்புத்தாள் வட்டுகளுக்கும் பொட்டலத்தில் வரம்பு அச்சிட்டிருப்பார்கள். பொட்டலத்தை எறியும் முன் அந்த எண்ணைக் கட்டைக்கு மாற்றிவிடுங்கள். கட்டையில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள எதையும் குறைந்த வேகத்தில்தான் தொடங்குவது என்று வைத்துக்கொண்டால் எண்களைப் படிக்கவும் வேண்டியதில்லை.

நுண்செதுக்கர் எழுதியது:

இதோடு தேய்ந்த பிட்டுகளுக்கு ஓர் இடம் ஒதுக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். தேய்ந்த வைரப் பிட் நுண்மையான வைரப் பிட்டாக மறுபிறவி எடுக்கும். மென்மையாக்கும் கட்டத்தில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. அதைப் புதியதன் பக்கத்திலேயே வைத்தால்தான் குழப்பம். வெட்டுவரி மழுங்கிய கார்பைடு அப்படியல்ல. அது மரத்தைக் கருக்கும், நாம் கூடுதலாக அழுத்துவோம், அழுத்தினால் விபத்து. அதைக் கட்டையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மழுங்கியதா, பிசின் அடைத்ததா என்று தீர்மானிக்கும் முன் சுத்தம் செய்து பாருங்கள். கார்பைடுக்குப் பித்தளைத் தூரிகை போதும். வைரத்தையும் ரூபியையும் ஓடும் நிலையில் மென்மையான சாணைக்குச்சியில் லேசாகத் தொட்டால் அடைப்பு போய்விடும். முள்பல் பிட்டுகளில் சிக்கிய மரத்தைத் தீச்சுடரால் எரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழிய அதை நான் செய்யமாட்டேன். ஒருமுறை கீழே விழுந்த எந்தப் பிட்டையும் துளைக்குத் திருப்பும் முன் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். தலை கண்ணாடிக்கு வெளியே இருக்கத் தண்டு மட்டும் உருளட்டும்; தலை மேலும் கீழும் ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது, குப்பைக்குப் போக வேண்டியதுதான். அதை நிமிர்த்த முயல வேண்டாம்.

மரத்தூள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் கருவி கோலெட் வகை என்பதால் தண்டு அளவுக்கு ஒரு வேலைக்கட்டை, உள்ளே கட்ட வரிசை, சேமிப்புக்கு வடிவ வரிசை என்று முடிவு செய்திருக்கிறேன். துளைகள் ஊடுருவியவையாகவும் அடித்தகடு கழற்றக்கூடியதாகவும் இருக்கும். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியுள்ளன. 1/4 அங்குலத் தண்டுகள் கொண்ட பெரிய பிட்டுகள் என்னிடம் பத்துக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கட்டையில் ஒரு வரிசை கொடுக்கலாமா? உப்புத்தாள் உருளைகளையும் அவற்றை மாட்டும் தண்டுகளான மாண்ட்ரல்களையும் சேர்த்தே வைப்பதா, பிரித்து வைப்பதா?

கடைசல்காரர் எழுதியது:

1/4 அங்குலத்துக்குத் தனிக் கட்டை செய்யுங்கள். பெரிய தலைகள் மேல்கனமானவை. சாய்த்து வைத்த சிறு கட்டையின் பின்வரிசையில் நான்கைந்தை நிறுத்தினால், முன்வரிசையிலிருந்து சில பிட்டுகளை எடுத்த மாத்திரத்தில் கட்டை பின்பக்கம் கவிழப் பார்க்கும். கனமான மரத்தில், 7 மி.மீ. துளைகள் இட்டு, மையத்துக்கு மையம் 40 மி.மீ. விட்டு, சாய்வில்லாமல் செய்தால் போதும். மாண்ட்ரல்களைப் பொறுத்தவரை, இப்போது பயன்பாட்டில் உள்ள உருளையை மாண்ட்ரலோடு வேலைக்கட்டையில் வையுங்கள். மாற்று உருளைகளைச் சொரசொரப்பு எண்படி மெல்லிய கம்பிகளில் கோத்து, உலர்ந்த பெட்டியில் போட்டுவிடலாம். ரப்பர் மாண்ட்ரலின் திருகை மட்டும் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பர் புடைத்தபடியே நின்றுவிடும், அடுத்த உருளை அதில் ஏறாது.